லீன்: ஆளைக் குறைப்பதா, காத்திருப்பைக் குறைப்பதா?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ‘லீன்’ என்ற சொல் இப்போது பலர் வாயில் புழங்குகிறது. காமண்ட்ஸில் வேலை செய்யும் பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். முகாமைத்துவ டிப்ளோமா வகுப்பில் அது ஒரு பாடம். அரச அலுவலகங்களில் உற்பத்தித்திறன் செயலமர்வு என்று ஒரு நாள் முழுக்க இருக்கவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் ‘அது என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, “பத்துப் பேர் செய்யிற வேலைய ஏழு பேரை வைச்சு முடிக்கிறது.” மற்றது, “அலுமாரிக்கு லேபல் ஒட்டி, தரையில மஞ்சள் கோடு கீறுறது.”

இரண்டும் பிழை. அதிலும் முதல் பதில் ஆபத்தான பிழை. அதை நம்பிய முதலாளி ஆட்களை விரட்டத் தொடங்குவார், அதை நம்பிய தொழிலாளி எந்தக் குறையையும் வாய் திறந்து சொல்லமாட்டார். பிறகு அந்த இடத்தில் எதுவும் திருந்தாது. ஜப்பானின் டொயோட்டா கார் நிறுவனத்தில் வளர்ந்த வேலைமுறையான லீன் பார்ப்பது வேறொன்றை: வாடிக்கையாளர் கேட்ட பொருள், கேட்ட நேரத்திலிருந்து அவர் கைக்கு வரும்வரை எங்கெங்கே சும்மா கிடக்கிறது? ஏன் கிடக்கிறது? இந்த இரண்டு கேள்விகளையும் விடாமல் கேட்பதுதான் அதன் உயிர். மற்றதெல்லாம் கருவிகள்.

அப்பக்கடையும் பேக்கரியும்

மாலை நேரம் கல்லடியிலோ கல்முனையிலோ ஓர் அப்பக்கடை முன்னால் கொஞ்சம் நின்று பாருங்கள். அடுப்பில் மூன்று நான்கு தாச்சி இருக்கும். “ரெண்டு முட்டையப்பம், நாலு பிளேன்” என்று நீங்கள் சொன்ன பிறகுதான் மாவு ஊற்றப்படும். மாவு மட்டும் முன்கூட்டியே புளிக்க வைத்துத் தயாராக இருக்கும். ஓர் அப்பம் கருகிவிட்டால் அது ஊற்றியவர் கண்ணுக்கு உடனே தெரியும், நெருப்பைக் குறைப்பார், அடுத்தது சரியாக வரும். நட்டம் ஒரே ஓர் அப்பம்.

பேக்கரியில் கதை வேறு. இன்றைக்கு எத்தனை பணிஸ் போகும் என்று விடியற்காலையில் ஓர் ஊகம், அந்த ஊகப்படி நூற்றுக்கணக்கில் போறணைக்குள் போகும். மாவில் உப்பு விட்டுப்போயிருந்தால், அது தெரியும்போது அத்தனையும் வெந்து முடிந்திருக்கும். ஊகம் பிழைத்துவிட்டால் மாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மிச்சம் கிடக்கும்.

கேட்ட பிறகு செய்வதை ‘இழுப்பு முறை’ என்கிறார்கள், அதாவது வாடிக்கையாளரின் தேவை வேலையை முன்னால் இழுக்கிறது. ஊகித்துச் செய்து முன்னால் தள்ளிவிடுவது ‘தள்ளல் முறை’. லீன் முடிந்தவரை இழுப்புப் பக்கம் நிற்கிறது.

பேக்கரிக்காரரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. போறணையைச் சூடாக்க விறகும் நேரமும் போகிறது, அதனால் ஒருமுறை சூடாக்கினால் நிறையச் சுடவேண்டியிருக்கிறது. எந்தத் தொழிலிலும் மொத்தமாகச் செய்வதற்குப் பின்னால் இப்படி ஒரு காரணம் இருக்கும். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கான செலவு, அதாவது ‘மாற்று நேரம்’, அதிகம் என்பதே பெரும்பாலும் அந்தக் காரணம். அந்த நேரத்தைக் குறைக்க முடியுமா என்று லீன் கேட்கும். டொயோட்டாவில் ஒரு பெரிய அழுத்த இயந்திரத்தின் அச்சை (தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் பாகத்தை) மாற்ற நான்கு மணித்தியாலம் எடுத்தது. ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியியலாளர் அங்குள்ளவர்களுடன் சேர்ந்து 1969இல் அதை மூன்று நிமிடத்துக்குக் கொண்டுவந்தார். எப்படி? இயந்திரம் நிற்கும்போதுதான் செய்யவேண்டியவை எவை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே தயார் செய்து வைக்கக்கூடியவை எவை என்று பிரித்தார்கள். சின்ன விடயமாகத் தெரியும். ஆனால் மாற்று நேரம் சுருங்கினால்தான் சிறிது சிறிதாகச் செய்வது கட்டுப்படியாகும்.

சுருக்கமாக: கேட்டதைக் கேட்டபோது, சிறு அளவில் செய்தால் மிச்சம் தேங்காது, பிழையும் உடனே தெரியும். அப்படிச் செய்ய விடாமல் தடுப்பது எது என்று தேடுவதே அடுத்த வேலை.

பள்ளிச் சட்டை பத்து நாள் எங்கே இருந்தது?

இனி ஒரு தையற்கடையை எடுத்துக்கொள்வோம். பாடசாலைத் தவணை தொடங்கும் காலம். ஒரு தாய் மகனின் சீருடைத் துணியுடன் வருகிறார். மாஸ்டர் அளவெடுத்து, துண்டில் எழுதி, துணியோடு குத்திவைத்துவிட்டு, “பத்து நாள் கழிச்சு வாங்க தங்கச்சி” என்கிறார்.

அந்தச் சட்டையில் கைபடும் வேலை எவ்வளவு? வெட்டுவது, தைப்பது, ஓவர்லொக் அடிப்பது, பொத்தான் துளை போடுவது, அயன் பண்ணுவது எல்லாம் சேர்த்தால் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட வரலாம். மிச்சம் ஒன்பது நாளும் சொச்சமும் எங்கே போனது?

துணியின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம். மாஸ்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வெட்டுவார், ஏனென்றால் மற்ற நாட்களில் வெட்டும் மேசை முழுக்கத் தைத்து முடித்த உடுப்புகள் குவிந்திருக்கும். ஆகவே துணி மூன்று நாள் தட்டில் கிடக்கிறது. வெட்டியதும் கட்டாகக் கட்டி மெஷினுக்குப் பக்கத்தில் வைக்கப்படுகிறது. அங்கே ஏற்கெனவே நான்கு கட்டு. மெஷினில் நீல நூல் ஓடுகிறது, வெள்ளை மாட்டும் நாள் வரும்வரை காத்திருக்கவேண்டும். தைத்தாகிவிட்டது. பொத்தான் துளை போடும் மெஷின் கடையில் இல்லை, இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடையில் இருக்கிறது. ஒன்றிரண்டைக் கொண்டுபோனால் வீண் அலைச்சல் என்று இருபது சேரும்வரை பார்த்திருந்து, கடைப் பையன் சைக்கிளில் கொண்டுபோகிறான். மறுநாள் மாலை திரும்பி வருகிறது. அயன் பண்ணும்போது பார்த்தால் ஒரு சட்டையில் அளவுத் துண்டு விழுந்துவிட்டது, யாருடையது என்று தெரியவில்லை. அந்தத் தாய்க்குப் போன் எடுக்கவேண்டும்.

வாடிக்கையாளர் விரும்பிக் காசு கொடுக்கும் மாற்றம் பொருளில் நடக்கிறதா? நடந்தால் அது ‘மதிப்பு’. துணி சட்டையாவது மதிப்பு. தட்டில் கிடப்பதற்கும், சைக்கிளில் போய் வருவதற்கும், துண்டைத் தேடுவதற்கும் அந்தத் தாய் காசு கொடுக்க விரும்பமாட்டார். மதிப்பைக் கூட்டாமல் நேரத்தையும் காசையும் தின்பது ‘விரயம்’. கணக்கு எழுதுவது, சட்டப்படி வைத்திருக்கவேண்டிய பதிவுகள் போன்றவை மதிப்பைக் கூட்டாவிட்டாலும் செய்தே ஆகவேண்டியவை. அவற்றை இலகுவாக்கலாம், விடமுடியாது.

டொயோட்டாவின் உற்பத்தி முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான தயிச்சி ஓனோ விரயத்தை ஏழு வகையாகப் பிரித்தார்: தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பு, தேவையற்ற ஏற்றி இறக்கல், தேவைக்கு மிஞ்சிய வேலைப்பாடு, அதிகக் கையிருப்பு, வேலை செய்பவரின் வீண் அசைவு, பிழையும் திருத்தமும். இந்த ஏழையும் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதுகிறார்கள். அதைவிட முக்கியம், இதில் மிக மோசமானது முதலாவதுதான் என்று ஓனோ சொன்னதைப் புரிந்துகொள்வது. தேவைக்கு மேல் செய்தால் அதை வைக்க இடம் வேண்டும், தூக்கிச் சுமக்க ஆள் வேண்டும், தேட நேரம் வேண்டும், அதற்குள் பிழை இருந்தால் அது ஒளிந்து கிடக்கும். மாஸ்டரின் மேசையில் குவிந்த உடுப்புகளைப் பாருங்கள். முதலில் வேண்டியது தைக்கப்படாமல் கிடக்க, பிறகு வேண்டியது தைத்து முடிந்து மேசையை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் வெட்டு நடக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் கடையில் யாருமே சும்மா இருக்கவில்லை. மாஸ்டர், மெஷினில் இருப்பவர், பையன் எல்லோரும் காலையிலிருந்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சும்மா கிடந்தது துணி. ‘யார் சும்மா இருக்கிறார்’ என்று தேடும் முதலாளிக்கு இந்தக் கடையில் எந்தக் குறையும் தெரியாது. ‘எது சும்மா கிடக்கிறது’ என்று தேடுபவருக்கு எல்லாம் தெரியும்.

இரண்டு சின்னக் கணக்குகள்

பத்துச் சட்டை, நான்கு படி, நான்கு பேர், ஒவ்வொரு படிக்கும் ஆறு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம்.

கட்டுக் கட்டாகச் செய்தால், முதலாமவர் பத்தையும் முடிக்க 60 நிமிடம், பிறகு முழுக் கட்டையும் அடுத்தவருக்குக் கொடுப்பார். அப்படி நான்கு பேர் கைக்கும் போய், பத்தும் முடிய 240 நிமிடம். முதல் சட்டை கைக்கு வருவதே 186ஆவது நிமிடத்தில்தான். அதே நான்கு பேர், அதே வேகம், ஆனால் ஒன்று முடிந்ததும் அதை உடனே அடுத்தவரிடம் கொடுத்துவிட்டால்? முதல் சட்டை 24ஆவது நிமிடத்தில் வரும். பத்தாவது 78ஆவது நிமிடத்தில் முடியும். யாரும் ஒரு விநாடிகூட வேகமாகத் தைக்கவில்லை. இதை ‘ஓட்டம்’ என்கிறார்கள்: வேலை தேங்காமல் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு நகர்வது.

வெட்டும்போது அளவு ஓர் அங்குலம் பிசகியிருந்தால்? ஓட்டத்தில் இரண்டாவது ஆளின் கையில் முதல் சட்டையிலேயே அது தெரிந்துவிடும். கட்டு முறையில் பத்தும் வெட்டி முடிந்த பிறகு தெரியும்.

இரண்டாவது கணக்கு இன்னும் எளியது, ஆனால் இதை அறிந்தவர்கள் குறைவு. கடைக்குள் முடியாமல் கிடக்கும் ஓடர்களின் எண்ணிக்கையை, ஒரு நாளைக்கு முடியும் எண்ணிக்கையால் வகுத்தால், புதிதாக வரும் ஓடர் சராசரியாக எத்தனை நாள் காத்திருக்கும் என்று கிடைக்கும். 80 கிடக்கிறது, நாளுக்கு 8 முடிகிறது என்றால் 10 நாள். அமெரிக்க ஆய்வாளர் ஜோன் லிட்டில் 1961இல் இதற்குக் கணித நிரூபணம் கொடுத்தார், ‘லிட்டிலின் விதி’ என்று அதற்குப் பெயர். நோயாளர் வரிசைக்கும், பிரதேச செயலகத்தில் கிடக்கும் கோவைகளுக்கும், துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்கும் இதே விதிதான்.

இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. அந்தக் கடைக்கு நாளுக்கு 8 ஓடர் வருகிறது, 8 முடிகிறது என்றால், பத்து நாள் தாமதம் ஒருபோதும் தானாகக் குறையாது. எப்போதோ சேர்ந்த 80 அப்படியே இருக்கும். அதேநேரம் கடையின் வலு தேவைக்குச் சரியாகப் போதுமானதாகவும் இருக்கிறது! மேலதிக மெஷினோ மேலதிக ஆளோ வேண்டியதில்லை. ஒரே ஒரு முறை, சில நாட்கள் மேலதிக நேரம் வேலை செய்து, தேங்கிய 80ஐ 24 ஆக்கிவிட்டால், அதன் பிறகு வழமையான வேகத்திலேயே மூன்று நாளில் உடுப்புக் கொடுக்கலாம். பழைய தேக்கத்தை ‘ஆள் போதாது’ என்று தவறாகப் படித்து, கடன்பட்டு மெஷின் வாங்கியவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அவர்களுடைய காசு இப்படி வீணாவதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை.

தறி நின்ற இடத்தில் தொடங்கிய கதை

இந்தச் சிந்தனை கார்த் தொழிற்சாலையில் பிறந்தது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அதன் வேர் நெசவில் இருக்கிறது. கைத்தறிக்குப் பெயர்போன மருதமுனை ஆட்களுக்கு அதை விளங்கப்படுத்த அதிக நேரம் தேவையில்லை.

கைத்தறியில் சாரமோ சேலையோ நெய்யும்போது பாவு நூல் ஒன்று அறுந்தால் நெசவாளி அதிலேயே தறியை நிறுத்தி, நூலைப் பிணைத்துவிட்டுத்தான் தொடர்வார். விட்டுவிட்டால் அந்தக் குறை கீழே வரும் துணி முழுக்க ஒரு கோடாக ஓடும். மின்சாரத் தறிக்கு அந்தக் கண் இல்லை. நூல் அறுந்தாலும் அது பாட்டில் நெய்துகொண்டே போகும். அதனால் ஒவ்வொரு தறிக்குப் பக்கத்திலும் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

ஜப்பானில் சகிச்சி டொயோடா நூல் அறுந்தால் தானாகவே நிற்கும் தறியைச் செய்தார். அதன் புகழ்பெற்ற வடிவம் 1924இல் வந்தது, 1929இல் அதன் காப்புரிமை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அவருடைய மகன் கிச்சிரோ 1937இல் டொயோட்டா மோட்டார் நிறுவனத்தைத் தொடங்கினார். குறை தெரிந்தவுடன் நிறுத்து, குறையை அடுத்த படிக்கு அனுப்பாதே என்ற இந்தக் கொள்கைக்கு ‘ஜிடோகா’ என்று பெயர். பின்னாளில் கார் கோர்க்கும் வரிசையில், குறை கண்ட எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுக்கலாம் என்று வந்தது. இழுத்தவுடன் விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடி வருவார். குறித்த நேரத்துக்குள் தீராவிட்டால் வரிசை நிற்கும்.

டொயோடா குடும்பத்தின் நூற்பு நெசவு நிறுவனத்திலிருந்து கார்ப் பக்கம் வந்தவர்தான் ஓனோ. அமெரிக்காவின் சூப்பர் மார்க்கெட்டில் தட்டிலிருந்து எடுக்கப்பட்ட அளவு மட்டுமே திரும்ப நிரப்பப்படுவதை அவர் கவனித்தார், 1956இல் நேரில் போயும் பார்த்தார். அடுத்த படி எடுத்த பிறகுதான் அதற்கு முந்திய படி செய்யவேண்டும் என்பதற்கு அவர் அட்டைகளைப் பயன்படுத்தினார். அந்த அட்டைதான் ‘கன்பான்’. பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். பொத்தானை இரண்டு பெட்டியில் வைத்து, ஒரு பெட்டி முடிந்ததும் அந்த வெறும் பெட்டியையே கொள்வனவுக்கான அடையாளமாக எடுத்துவைத்தால், அதுவும் கன்பான்தான். ‘லீன்’ என்ற பெயர் மிகப் பின்னால் வந்தது. டொயோட்டா முறையைப் பற்றி 1988இல் எழுதிய ஜோன் கிராஃப்சிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் வைத்த பெயர் அது.

கயிற்றை இழுப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இதுதான் மிகக் கஷ்டம். குறையைக் கண்டு சொன்ன பிள்ளைக்கு ‘டார்கெட்ட கெடுக்காத’ என்று ஏச்சு விழுந்தால், அடுத்தமுறை அவள் பேசாமல் அடுத்த மெஷினுக்கு அனுப்பிவிடுவாள். குறை கடைசியில், பெட்டிக்குள் போன பிறகு வெளிவரும், அப்போது முழுப் பெட்டியையும் பிரிக்கவேண்டும். கயிறு, விளக்கு எல்லாவற்றையும் காசு கொடுத்துப் பூட்டலாம். இழுத்தவருக்கு நன்றி சொல்லும் மேற்பார்வையாளர் இல்லாவிட்டால் அது வெறும் கயிறு.

இதுவரை பார்த்தது: வேலையைத் தேங்கவிடாதே, குறை கண்டால் நிறுத்து. நிறுத்திய பிறகு என்ன செய்வது? அங்கேதான் பிரச்சினை தீர்க்கும் முறை வருகிறது.

‘ஏன்’ என்று இறங்கிப் போவது

‘பிரச்சினை’ என்பதை லீன் ஒரே வரியில் சொல்லும்: எப்படி இருக்கவேண்டும் என்பதற்கும் எப்படி இருக்கிறது என்பதற்கும் உள்ள இடைவெளி. “அரிசி சரியில்ல” என்பது முறைப்பாடு. “சம்பாவில் குறுணல் வழமையாக நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ விழும், இந்த இரண்டு கிழமையாகப் பதினெட்டு விழுகிறது” என்பது பிரச்சினை. இரண்டாவது வசனத்தை எழுதமுடியாவிட்டால் தீர்வைப் பற்றிப் பேசத் தொடங்கக்கூடாது.

சம்மாந்துறைப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் இப்படி நடக்கிறது என்று கற்பனை செய்வோம். கந்தோரில் இருந்துகொண்டு காரணம் ஊகிப்பதை விட்டுவிட்டு, நெல் போகும் வழியிலேயே போகவேண்டும். வேலை உண்மையில் நடக்கும் இடத்துக்கு ‘கெம்பா’ என்று பெயர். ஒரு சுளகை எடுத்து, உமி நீக்கும் ரப்பர் உருளைக்கு அடுத்து ஒரு பிடி, தீட்டும் இயந்திரத்துக்கு அடுத்து ஒரு பிடி எடுத்துப் பரப்பிப் பார்க்கிறோம். உமி நீங்கிய இடத்திலேயே அரிசி உடைந்திருக்கிறது. ஆகவே தீட்டும் இயந்திரத்தில் குற்றமில்லை. இந்த ஒரு பிடி அரிசி, ஒரு மெக்கானிக்கின் இரண்டு நாள் கூலியை மிச்சம் பிடித்துவிட்டது.

இனி ‘ஏன்’. உமி நீக்கும்போது ஏன் உடைகிறது? உருளை தேய்ந்திருக்கலாம். பக்கத்து வரிசையில் புது உருளை, அங்கேயும் அதே அளவு குறுணல், ஆகவே உருளை காரணமில்லை. நெல்லை எடுத்துப் பார்த்தால் மணிகளில் முன்னமே வெடிப்பு. ஏன் வெடித்தது? சில மணி அளவுக்கு மிஞ்சிக் காய்ந்தவை, சில ஈரமானவை. ஏன் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன? தார் வீதியில் கடும் வெயிலில் காயவிட்ட நெல்லும், நேராக வயலிலிருந்து வந்த நெல்லும் ஒரே குழிக்குள் கொட்டப்பட்டிருக்கின்றன. ஏன் பிரிக்கவில்லை? இறக்கும்போது யாரும் ஈரப்பதம் பார்க்கவில்லை. ஏன்? ஈரப்பதம் பார்க்கும் மீற்றர் முதலாளியின் லாச்சிக்குள், திறப்பு அவர் பொக்கெற்றில், லொறி வருவதோ இரவில்.

தீர்வு இப்போது தானாகவே தெரிகிறது. மீற்றர் வாசலுக்கு வரவேண்டும், ஒவ்வொரு லோட்டுக்கும் இலக்கம் ஒரு பலகையில் எழுதப்படவேண்டும், 14 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ளது காயவிடும் களத்துக்குப் போகவேண்டும். முதல் ‘ஏன்’ உடன் நின்றிருந்தால் புது உருளை வாங்கியிருப்பார்கள். இடையில் நின்றிருந்தால், நெல் இறக்கிய தம்பிக்கு ஏச்சு விழுந்திருக்கும்.

இந்த முறைக்கு ‘ஐந்து ஏன்’ என்று பெயர். ஐந்து என்பது வேத வாக்கு இல்லை, மூன்றிலும் முடியலாம், ஏழுக்கும் போகலாம், சிலவேளை காரணம் இரண்டு கிளையாகவும் பிரியும். ஒவ்வொரு பதிலையும் கண்ணால் பார்த்து உறுதிசெய்தோமா என்பதுதான் முக்கியம். ‘கவனயீனம்’ என்ற பதில் வந்தால் அங்கே நிற்கவே கூடாது. மனிதர் களைப்பார், மறப்பார். மறந்தாலும் பிழை நடக்காதபடி வேலை ஏன் அமைக்கப்படவில்லை என்று அடுத்த கேள்வியைக் கேட்கவேண்டும்.

தீர்வு கிடைத்ததும் ஆலை முழுக்க உடனே மாற்றிவிடக்கூடாது. ஒரு கிழமைக்கு, ஒரு வாசலில் செய்து பார்த்து, குறுணலை நிறுத்துப் பார்த்து, பத்துக்குத் திரும்பியதா என்று உறுதிசெய்து, அப்புறம் வழமையாக்கவேண்டும். திட்டமிடு, செய், சரிபார், திருத்து என்ற இந்தச் சுற்று ஜப்பானில் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் 1950இல் நடத்திய விரிவுரைகளை அடுத்துப் பரவியது. நம் இடங்களில் பெரும்பாலும் முதல் இரண்டோடு முடிந்துவிடும். சரிபார்ப்பதற்கு யாரும் திரும்பி வருவதில்லை.

ஒழுங்கில்லாத வரத்து

விரயத்தை மட்டும் துரத்துபவர்கள் தவறவிடும் ஒன்று உண்டு. வரத்தும் வேலையும் ஒருநாள் குவிந்து ஒருநாள் காய்வதை ஜப்பானியர் ‘முரா’ என்பார்கள். பெரும்போக அறுவடைக் காலத்தில் அம்பாறை, மட்டக்களப்பு வீதிகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வெட்டும் மெஷின் வந்த பிறகு, முன்பு பல நாள் எடுத்த அறுவடை சில மணித்தியாலத்தில் முடிகிறது. ஆனால் காயவிடும் களமும் ஆலையும் அதே அளவுதான். விளைவு, நெல் வீதிக்கு வருகிறது. ஒரு படியை மட்டும் வேகமாக்கினால் தேக்கம் அடுத்த படிக்கு இடம் மாறும் என்பதற்கு இதைவிட வெளிச்சமான சாட்சி கிடையாது.

வரத்து ஒழுங்கில்லாத இடத்தில் ஆளையோ இயந்திரத்தையோ முழுநேரமும் நிரப்பி வைப்பதும் ஆபத்து. எளிய வரிசைக் கணக்கின்படி, ஒரு கருமபீடம் 80 சதவீத நேரம் வேலையில் இருப்பதிலிருந்து 90 சதவீதத்துக்குப் போனால், வரிசையில் நிற்கும் நேரம் இரட்டிப்பைத் தாண்டிவிடும். கொஞ்சம் ஓய்வு நேரம் இருப்பது சோம்பல் இல்லை. அதுதான் வரிசையைக் குட்டையாக வைத்திருக்கிறது.

ஐந்து எஸ் பற்றி ஒரு பேச்சு

வேண்டாததை அகற்று, ஒழுங்காக வை, சுத்தம் செய், நியமமாக்கு, பழக்கமாக்கு. இதுதான் ஐந்து எஸ். தேசிய உற்பத்தித்திறன் செயலகத்தின் விருதுகளால் இது நம் நாட்டில் பாடசாலை வரைக்கும் தெரிந்த விடயம். கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை இதைச் சரியாகச் செய்து காட்டியதால், 2007இலிருந்து ஜப்பானின் ஜைக்கா உதவி நிறுவனம் அதை முன்மாதிரியாகக் கொண்டு ஆபிரிக்க நாடுகளின் வைத்தியசாலைகளுக்கு இந்த முறையை எடுத்துச் சென்றது. நாம் பெருமைப்படவேண்டிய செய்தி இது.

ஆனால் ஐந்து எஸ் எதற்காக? குறை உடனே கண்ணில் படவேண்டும் என்பதற்காக. கத்தரிக்கோலுக்கு ஓர் இடம் வரையப்பட்டிருந்தால், அது இல்லாதது தூரத்திலிருந்தே தெரியும். மேற்பார்வைக் குழு வரும் நாளுக்கு முதல் நாள் லேபல் ஒட்டி, கோவைகளைப் பளிச்சென்று அடுக்கி, அதே கோவை கையெழுத்துக்காக முன்பு போலவே மூன்று கிழமை கிடந்தால், வந்துபோகும் பொதுமகனுக்கு அதில் என்ன நன்மை?

ஆட்குறைப்பும் கையிருப்பும்

1950இல் டொயோட்டா பெரும் பண நெருக்கடியில் சிக்கி, வேலைநிறுத்தமும் ஆட்குறைப்பும் நடந்து, கிச்சிரோ டொயோடா தலைவர் பதவியை விட்டு விலகினார். அந்தக் காயத்துக்குப் பிறகு வேலைப் பாதுகாப்பு அங்கே நிர்வாகமும் தொழிற்சங்கமும் சேர்ந்து காத்த ஒன்றாயிற்று. இது தற்செயல் இல்லை. நான் சொல்லும் யோசனையால் என் பக்கத்தில் இருப்பவரின் வேலை போகும் என்றால் நான் ஏன் சொல்வேன்? மிச்சமான நேரத்தைப் புது வேலைக்கும், பயிற்சிக்கும், கூடுதல் ஓடருக்கும் பயன்படுத்துவதாக முதலாளி முதலிலேயே வாக்குக் கொடுக்கவேண்டும். அதைக் கொடுக்க மனமில்லாதவர் லீனைத் தொடாமல் இருப்பதே நல்லது.

கையிருப்பை முற்றாக ஒழிப்பதும் லீன் இல்லை. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு டொயோட்டாவே மின்னணுச் சிப் போன்ற சில பாகங்களைக் கூடுதலாக இருப்பில் வைக்கும்படி வழங்குநர்களைக் கேட்டது. வெள்ளத்தில் பாதை அடைபடும் மாவட்டம் நம்முடையது, 2022இல் எரிபொருளுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் நாம். மாரிக்கு முன் கொஞ்சம் நூலும் டீசலும் கூடுதலாக வைப்பவர் விவரமான ஆள். எவ்வளவு, ஏன் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

தொடங்குவது எப்படி

ஒரு கொப்பி, ஒரு பேனை, ஒரு மணிக்கூடு. உங்கள் கடையிலோ அலுவலகத்திலோ இன்று வரும் ஒரே ஓர் ஓடரைத் தெரிவுசெய்து அதன் பின்னாலேயே போங்கள். எத்தனை மணிக்கு எங்கே வந்தது, எத்தனை மணிக்குக் கைபட்டது, எப்போது அடுத்த இடத்துக்கு நகர்ந்தது என்று மட்டும் எழுதுங்கள். ஆட்களின் பெயர் எழுதவேண்டாம், ஏனென்றால் பெயர் எழுதினால் எல்லோரும் வேகமாக ஓடிக் காட்டுவார்கள், நீங்கள் உண்மையைப் பார்க்கமாட்டீர்கள். ஓடர் முடிந்ததும் மிக நீண்ட காத்திருப்பு எது என்று வட்டமிடுங்கள். அந்த இடத்தில் வேலை செய்பவரிடம் போய், “இது இங்க நிக்கிறதுக்கு என்ன காரணம்?” என்று கேளுங்கள். அவருக்குப் பெரும்பாலும் பதில் தெரிந்திருக்கும், இதுவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவர் சொன்னதை அவர் கண்முன்னே எழுதி, ஒரு கிழமைக்குள் அதில் ஏதாவது ஒன்றைச் செய்து காட்டுங்கள். இரண்டாவது ஓடரின் பின்னால் போவது அதற்குப் பிறகுதான்.